தங்கள் தங்கை கோட்டைக்குப் போவது சம்பந்தமாக

வேங்கிக்கால்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய பெரிய மச்சான் ஆதிமூலம் அவர்களுக்கு, சக்கரவர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை தனமும் சுகம். ஆரணியில் அனைவரின் சுகத்துக்கும் கடிதம் போடவும். போனில் பேசினால் அடுப்படியில் இருப்பவள் காதில் விழும் என்பதால்தான் பத்து வருடத்துக்குப் பிறகு பேனாவைத் தொட்டேன்.

ஜவ்வாது மலையில் ஏதோ இடிந்த கோட்டை இருக்கிறதாம். ஒன்பது கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம், ஒழுங்கான பாதை கிடையாது, மேலே போனால் கூரையில்லாத மூன்று சுவரும் ஒரு பாழுங்கிணறும். அடுத்த வாரம் இதைப் பார்க்க எங்கள் தெருவில் தனத்தையும் சேர்த்துப் பதினொரு பேர் கிளம்புகிறார்கள், அத்தனை பேரும் அறுபதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். தலைமை ரிட்டையர்டு டிரில் மாஸ்டர் முருகவேல். "மாசாமாசம் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போறவங்களுக்கு ஒம்போது கம்மிதானேங்க" என்பது அவர் வாதம். கிரிவலப் பாதை தார் ரோடு, பத்தடிக்கு ஒரு டீக்கடை என்பதெல்லாம் அவர் மண்டையில் ஏறாது. திட்டமிட மூன்று கூட்டம் போட்டார்கள். மூன்றிலும் புளிசாதமா எலுமிச்சை சாதமா என்றுதான் சண்டை. வழியைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிறு ஒத்திகை. செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன மலை, ஏறி இறங்க இரண்டு மணி நேரம். சாப்பாட்டுப் பைக்குக் காவலாக என்னையும் இழுத்துப் போனார்கள். அடிவாரத்தில் பதினொரு பேரும் புதுசாக வாங்கிய ஷூவைக் கழற்றி என் முன்னால் விட்டுவிட்டு, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பினார்கள். கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவன் மாதிரி நான் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி நேரம் கழித்து எதிர்ப்பக்கமாக வந்து சேர்ந்தார்கள். "மேல என்னா இருந்துது?" என்று கேட்டேன்.

"மேலயா? சுத்திட்டுல்ல வந்தோம்," என்றார் முருகவேல். "மலைய பாத்ததும் காலு அதுவா திரும்பிடுச்சிங்க."

இந்தக் கூட்டத்தை நம்பி அனுப்பினால் ஜவ்வாது மலையைச் சுற்றி முடிக்கவே மூன்று மாதம் ஆகும்.

நான் சிரித்தது தனத்துக்குப் பிடிக்கவில்லை. "முப்பத்தஞ்சி வருஷமா நீங்க சொன்ன எடத்துக்கெல்லாம் வந்தேன். இது நான் சொல்ற எடம். வர்றதுன்னா வாங்க, இல்லன்னா உடுங்க" என்கிறாள். போன வருடம் மாடிப்படியில் வழுக்கி ஆறு வாரம் படுத்திருந்தவள் பேசுகிற பேச்சா இது? அந்த ஆறு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். தங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் போட்டு, போகவே கூடாது என்று கண்டித்துச் சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு அண்ணாமலையார் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் விஷயம் மாறிவிட்டது. காலையில் தனமே முருகவேலுக்குப் போன் செய்து, "வீட்ல வேணாம்ன்றாருங்க, என் பேர எடுத்துடுங்க" என்றாள். பிறகு எனக்கு இட்லி வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னால் இரண்டுக்கு மேல் சாப்பிட முடியவில்லை. நேராக முருகவேல் வீட்டுக்குப் போய் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்து சொன்னால், "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள். ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் தாங்கள் போன் போட்டு, போய்த்தான் ஆக வேண்டும் என்று அவளைக் கண்டித்துச் சொல்லவும்.