சான் ரமோன் பூட்டு

உலகத்தில் குறைப்பிரசவம் இனி கிடையாது. ஊரார் மரியாதையாக 'தோன்', அதாவது ஐயா, என்று அழைக்கும் பூட்டு வியாபாரி நிகானோர் சந்தை நடுவே பெட்டி மேல் ஏறி நின்று இதை அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமா என்ன? வம்பு பேசுபவர்களின் வாயை அடக்க, புனிதர் சான் ரமோனின் சிலையில் பூட்டு மாட்டுவது ஊர் வழக்கம். வம்பு ஒரு சொல்கூடக் குறைந்ததில்லை என்பது வேறு. அதே புனிதர்தான் கர்ப்பிணிகளுக்கும் காவல். வாயைப் பூட்டுகிறவர் கருப்பை வாயைப் பூட்டமாட்டாரா? சிவப்பு ரிப்பனில் பூட்டு வயிற்றில் தொங்கும், சாவி நிகானோரிடம். வரிசை தேவாலயம் வரை நீண்டது.

அதில் கறுப்பு அவரைக்கொட்டை விற்கும் ஹசிந்தாவும் இருந்தாள். நாலாம் மாதம். கருப்பை வாய் சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது, சுற்றித் தையல் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஊசியெல்லாம் வேண்டாம் என்று மாமியார் இங்கே இழுத்து வந்திருந்தாள்.

"தோன், போன தடவையும் உங்க பூட்டுதான். அஞ்சாம் மாசமே குழந்தை போயிடுச்சே?"

"நம்பிக்கை பத்தலைம்மா."

"ராப்பகலா கட்டிக்கிட்டுதானே கிடந்தேன்?"

"அப்போ பூட்டு துருப்பிடிச்சிருக்கும். புதுசு வாங்கிக்க. ஆஸ்பத்திரியில என்ன பண்றாங்க தெரியுமா? சாக்கு வாயைக் கட்டுற மாதிரி கட்டுறாங்க! பொம்பளைங்க என்ன சாக்கா?"

கூட்டம் கைதட்டியது. ஹசிந்தா தன் கடையிலிருந்து ஒரு பை அவரைக்கொட்டையைத் தூக்கி வந்தாள்.

"இதுக்கு ஒண்ணு மாட்டுங்க தோன்."

ஊரே பார்க்கிறது, மறுக்க முடியுமா? நிகானோர் பையின் வயிற்றில் பூட்டைத் தொங்கவிட்டு, ஜெபம் முணுமுணுத்து, சாவியைத் திருப்பினார். ஹசிந்தா பையைக் கவிழ்த்தாள். அத்தனையும் அவர் பூட்ஸ் மேல் கொட்டியது.

"பைக்கு ஏதும்மா நம்பிக்கை?" என்றார், கொஞ்சமும் அசராமல்.

அவள் கொட்டைகளை அள்ளிப் போட்டு, பையின் வாயைக் கயிற்றால் சுற்றி இறுக்கி, மறுபடி கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"இப்போ மட்டும் எங்கேர்ந்து தோன் வந்துச்சு நம்பிக்கை?"

முதலில் சிரித்தது மாமியார். "சிந்தினதை நான் பொறுக்கிக்கறேன். நீ போய் ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடி."

ஒன்பதாம் மாதம், தையலைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள் ஹசிந்தா. உள்ளே குழந்தை விலாவிலேயே உதைத்துக்கொண்டிருந்தது. நிகானோரும் சும்மா இல்லை. அடுத்த ஊர்ச் சந்தையில் அமோக வியாபாரம். அன்று மட்டும் விடுமுறை போலிருக்கிறது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, கர்ப்பிணி மகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நர்ஸிடம் கிசுகிசுத்தார்: "தையல் போடறது எந்த ரூம்மா?"

"என்ன தோன், பூட்டு தீர்ந்துபோச்சா?" என்றாள் ஹசிந்தா.

"மெதுவா பேசும்மா. இவ என் பொண்ணு."

சொந்த மகள் என்றதும் நிகானோருக்கே மூளை வேலை செய்கிறது. அவரது வரிசையில் நிற்பவர்களும் யாரோ பெற்ற மகள்கள்தான். பெற்றவர்கள் எப்போது யோசிப்பதாக உத்தேசம்?