முன்னறைச் சுவரின் ஓதம் குறித்துச் சின்ன மாமாவுக்கு

திருநகர்,
வியாழக்கிழமை காலை.

என் மனைவியின் சித்தப்பாவும், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருமான பரவை கருத்தக்கண்ணன் சின்ன மாமா அவர்களுக்கு, சிவனாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பாண்டிச்செல்வியும் மகள் சுபலட்சுமியும் சுகம். முன்னறைச் சுவருக்குத்தான் சுகமில்லை. தங்கள் சுகத்தையும், அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் தெரிவிக்கவும்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் "ஓதம்" என்று ஆரம்பித்ததுமே உங்களுக்கு, "மாப்ள, மார்க்கெட்டுல நிக்கிறேன், ஒண்ணுங் கேக்கல" என்று ஆகிவிடுகிறது. அதே போனைப் பாண்டிச்செல்வி வாங்கினால் முக்கால் மணி நேரம் தெளிவாகக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

ஐப்பசி மழையில் உள்ளங்கை அளவு இருந்த ஈரம் இப்போது நாற்காலி அகலத்துக்குப் பரவி, ஓரமெல்லாம் கறுப்பாகப் பூசணம் பூத்துவிட்டது. வந்து பார்த்தபோது என்ன சொன்னீர்கள்? "அம்புட்டும் குக்கர் ஆவி மாப்ள. வீட்டுக்குள்ள ஈரத்துணியக் காயப்போட்டா சுவரு என்ன செய்யும்? குடியிருக்கிறவுகதான் பாத்துக்கிறணும்." சரி, பெரியவர் சொல்கிறார் என்று அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோனோம். வெட்டவெளியில் உலை கொதிப்பதைப் பார்த்து, கிடாவெட்டு என்று தெருவே நினைத்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பாண்டிராஜ் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். ரசமும் அப்பளமும் போட்டு அனுப்பினோம்; இன்றுவரை என்னோடு பேச்சில்லை. துணியை மொட்டைமாடியில் காயப்போட்டதில் என் வேட்டி பறந்து கரண்டுக் கம்பியில் நாலு நாள் தொங்கியது. ஜன்னலைத் திறந்து வைத்ததில் கண்மாய்க் கொசு பூராவும் உள்ளே வந்து மூன்று பேரையும் பிடுங்கித் தின்றது. நானே பெயிண்ட் அடித்துப் பார்த்தேன். மறுநாளே உப்பி உதிர்ந்தது. கடைசியில் பூசணம் அதே சுவரில் தொங்கும் மாமனார் படத்துக்குள்ளும் ஏறி, வாழ்நாள் முழுக்க மீசை வைக்காத மனிதருக்கு மீசை முளைத்துவிட்டது. "எங்கப்பாவ இந்தக் கோலத்துல பாக்க வச்சுட்டாரே சித்தப்பா" என்று பாண்டிச்செல்வி கண்ணைக் கசக்குகிறாள்.

குடியிருப்பவர்கள் கடமையில் நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினீர்கள். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருக்கிறோம். மாமனார் படத்துக்கு அடித்த ஒரே ஆணி உங்கள் சொந்த அண்ணனுக்கு அடித்தது, அதைச் சேர்க்கக் கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே அறையில் சுபலட்சுமிக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா கட்டட ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். போகிற வீட்டில் காபி குடிக்கும் முன் சுவரைத் தட்டிப் பார்க்கிற ஆள். "சுவரையே பாக்காதவுக பிள்ளைய என்ன வளத்திருப்பாக" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் என் பிள்ளை முகம் என்ன ஆகும்? நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: சுவர் உங்கள் பொறுப்பு. சனிக்கிழமைக்குள் ஆள் வரவில்லை என்றால், சபையில் பெரியவராக உட்கார நீங்கள் வர வேண்டாம். கீழக்குயில்குடி மலையாண்டி மாமாவை உட்கார வைத்துக்கொள்கிறேன்.

கோபத்தில் எழுதினாலும் தங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
சிவனாண்டி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பாண்டிச்செல்வி கூப்பிட்ட பிளம்பர் பேச்சிமுத்து வந்துவிட்டார். படத்தை எடுக்கச் சொன்னார். "அப்பா, செத்த நேரம் எறங்கிக்கங்கப்பா" என்று அவளே இறக்கினாள். ஆணியைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிடுங்கியதும் மாடித் தொட்டித் தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியது. சுவருக்குள் குழாய் போகிறதாம். "யாருண்ணே இம்புட்டுக் கரெக்டா அடிச்சது?" என்றார் பேச்சிமுத்து. அடித்தது நான்தான் மாமா. ஆனால், "எங்கண்ணனுக்கு இல்லாத சுவரா மாப்ள, இந்தா, இங்க அடி" என்று விரல் வைத்துக் காட்டியது நீங்கள். எனவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். குழாயைச் சரிசெய்தாகிவிட்டது, சுவர் காய ஒரு மாதம் ஆகுமாம். ஞாயிறு காலை நீங்கள்தான் முதல் ஆளாக வர வேண்டும். உங்கள் நாற்காலியை அந்தச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டேன். "சித்தப்பா உக்காந்தாருன்னா அம்புட்டும் மறைஞ்சுரும்" என்கிறாள் பாண்டிச்செல்வி. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்வரை எழுந்துவிடாதீர்கள், சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து தருகிறோம்.