மணல்மேட்டுக்குக் காவல் இருந்த கழுதை

ஒரு காட்டில், காடு என்றதும் யானை, புலி என்று கிளம்பிவிடாதீர்கள், இது தேரிக்காடு, பனையும் மணலும்தான், அங்கே சுடலைக்கண்ணு என்று ஒரு கழுதை இருந்தது. பாதி ஆயுசை உப்பளத்தில் மூட்டை சுமந்தே தொலைத்த ஜீவன். முதுகுப் புண்ணில் உப்பு இறங்கினால் எப்படி இருக்கும் என்று அதனிடம் கேட்டால் கண்ணீர்தான் வரும்.

அப்பேர்ப்பட்ட கழுதைக்கு அரசாங்க வேலை கிடைத்தது. கடலோரத்து மணல்மேட்டைப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்து, சுற்றிலும் கயிறு கட்டி, ‘கயிற்றுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது’ என்று பலகையும் நட்டிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி நடக்க ஒரு பாதை. சுடலைக்கண்ணு காவலாளி. தலையில் தொப்பி, வேளாவேளைக்குத் தவிடு, முதுகில் ஒன்றும் கிடையாது. வேலையில் சேர்ந்த அன்று அது சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதது.

ரேஞ்சராக வந்தது கோயில்பிச்சை என்கிற உடும்பு. பிடித்தால் விடாது. நாற்காலியைச் சொல்கிறேன்.

பாதையில் காலையும் மாலையும் வெள்ளாடுகள் வாக்கிங் போகும். மேய்ச்சலை மறந்து பாக்கெட் தீவனத்துக்கு மாறி, தொப்பை போட்டுவிட்ட ஆடுகள். அவை ஒருநாள் ரேஞ்சரிடம் புகார் செய்தன.

“மேடு பூரா ஒரே அடம்பங்கொடியா மூடிக் கெடக்கு. போட்டோ எடுத்தா மணலே தெரியல. நாங்க மணலைப் பாக்கத்தான வாறோம்?”

உடும்பு கழுதையைக் கூப்பிட்டது. “என்னவே சுடலை, பலகையில மணல்மேடுன்னுதான போட்டிருக்கு? கொடிமேடுன்னா போட்டிருக்கு? அம்புட்டையும் தின்னு முடியும்வே.”

“கயித்துக்குள்ள கால் வைக்கக் கூடாதுல்லா ஐயா?”

“கழுத்தை நீட்டித் தின்னும். எட்டலைன்னா உருண்டு போய்த் தின்னும். உருளக் கூடாதுன்னு எங்கயும் போடலையே.”

மேலதிகாரி சொல்லித் தட்டலாமா? சுடலைக்கண்ணு நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மேடு முழுக்க உருண்டு, கொடியையும் ஊதாப் பூவையும் ஒன்று விடாமல் மென்று தீர்த்தது. மேடு மொட்டையானது. ஆடுகள் போட்டோ எடுத்துத் தள்ளின.

பிறகு ஆடிக்காற்று அடித்தது. பிடித்து வைத்திருந்த கொடிதான் வயிற்றுக்குள் போய்விட்டதே, மணல் எதற்கு நிற்கும்? கயிற்றைத் தாண்டிப் பாதைக்கு வந்துவிட்டது.

“மேலதிகாரி மயில் பார்வையிட வாறாரு,” என்றது உடும்பு. “கயித்துக்கு வெளிய ஒரு பிடி மணல் கெடந்தாலும் நீரு உப்பளத்துக்குத்தான்.”

 கழுதை சாக்கைத் தேடிப் பிடித்து, வெளியே வந்த மணலை அள்ளி, முதுகில் சுமந்துபோய் உள்ளே கொட்டியது. கயிற்றுக்குள் கால் வைத்ததெல்லாம் யாருக்கு ஞாபகம்? அது கொட்டக் கொட்டக் காற்று திருப்பித் தள்ளியது. உப்பு மூட்டைக்குப் பயந்து மணல் மூட்டை சுமக்கும் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? ஆறிப்போன புண் மறுபடி வாய் திறந்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று நொந்துபோய், கழுதை கயிற்றடியில் பொத்தென்று உட்கார்ந்தது. பக்கத்தில் கயிறு காற்றில் ஆடியது. மணலைத் தூக்குவதைவிடக் கயிற்றைத் தூக்குவது லேசு என்று அப்போதுதான் உறைத்தது.

கயிற்றை அவிழ்த்து, மணல் வந்த இடம் வரைக்கும் தள்ளிக் கட்டியது. பாதை உள்ளே போனது.

“நாங்க எங்க நடக்க?” என்றன ஆடுகள்.

“கயித்துக்கு அங்கிட்டு.”

மணல் மேலும் நகர்ந்தது, கயிறும் நகர்ந்தது. ரேஞ்சர் ஆபீசுக்குள்ளும் மணல் ஏறியது. நாற்காலியை விட்டு எழுந்திருக்க உடும்புக்கு மனசு வரவில்லை. சுடலைக்கண்ணு ஆபீசையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றது.

மயில் வந்தது. தோகை அழுக்காகும் என்று கயிற்றுக்கு வெளியிலேயே நின்றுகொண்டது.

“போன இடத்திலெல்லாம் மேடு சுருங்கிப்போச்சுன்னு அழுதாங்க. இங்கே மட்டும் வளர்ந்திருக்கே!”

கழுதை ஓரடி முன்னால் வந்தது. இவ்வளவு நல்லவரிடம் மறைப்பதா? “ஐயா, கொடியை நான்தான் தின்னேன். அதாலதான் மணலு...”

“அதெல்லாம் எனக்கெதுக்கு? கயித்துக்கு வெளியே மணல் இருக்கா?”

“இல்லீங்க ஐயா.”

“அப்புறம் என்ன? உள்ளே உட்கார்ந்திருக்கிறது யாரு?”

கழுதை உடும்பைப் பார்த்தது. உடும்பு கழுதையைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சியது. சுடலைக்கண்ணுவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முதுகு எரிந்தது.

“அத்துமீறி நுழைஞ்சவருங்க ஐயா.”

உடும்பை நாற்காலியோடு தூக்கி உப்பளத்துக்கு அனுப்பினார்கள். சுடலைக்கண்ணு ரேஞ்சரானது. அடுத்த வாரம் மணல் ஊருக்குள் புகுந்து, ஆடுகளின் வீட்டு வாசல்களை மூடியது. புதிய ரேஞ்சர் இன்னும் கொஞ்சம் கயிறு வேண்டும் என்று மேலே கேட்டது. கேட்டதைப்போல இரண்டு பங்கு, பாராட்டோடு வந்து இறங்கியது.

நீதி: காக்கச் சொன்னதைத் தின்றுவிட்டோமே என்று கலங்காதீர்கள், கயிறு உங்கள் கையில் இருந்தால் போதும்.