கட்டற்ற வீடும் ஒரே நிர்வாகியும்

உலகத்தில் எத்தனையோ விடுதலைப் போர்கள் நடந்திருக்கின்றன. துப்பாக்கி ஏந்தி நடந்தவை உண்டு. பட்டினி கிடந்து நடந்தவை உண்டு. ஆனால் கைலியோடு நாற்காலியில் சாய்ந்து, வறுத்த வஞ்சிரத்துக்கும் மதியத் தூக்கத்துக்கும் நடுவில், ஒரு சொட்டு வியர்வைகூடச் சிந்தாமல் வெற்றி பெற்ற போர் ஒன்றே ஒன்றுதான். அது கடலூர் மஞ்சக்குப்பத்தில், அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. கொளஞ்சியப்பன் அவர்களின் சொந்த வீட்டில் நடந்தது. ஒரு லேப்டாப்பும் மூன்று செல்போன்களும் அன்று அடிமைத்தளையிலிருந்து விடுபட்டன. விடுவித்த பெருமை முழுதும் அவருக்கே. விடுவிக்கப்பட்ட வீட்டில் குடியிருக்கும் பாக்கியம் அவர் மனைவி இசைவாணிக்கும், கல்லூரியில் படிக்கும் மகள் இளவரசிக்கும் வாய்த்தது.

இசைவாணி மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடிவதற்கு முன்னால் கிளம்பி, பஸ் மாறி பஸ் ஏறிப் போய், இருட்டினபிறகு வீடு திரும்புகிறவள். கடலூருக்கு மாறுதல் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. விடுதலையைப் பற்றியெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. அதனால்தான் அவளுக்கும் சேர்த்து அவர் யோசித்தார்.

யோசனை பிறந்தது சிதம்பரத்தில். ஒரு வளைகாப்புக்குப் போனவர், வெக்கை தாங்காமல் பக்கத்து ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்தார். உள்ளே 'கட்டற்ற கணினியாளர் பேரவை'யின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கட்டற்ற மென்பொருள், திறந்த மூலம் என்று சில இருக்கின்றனவாம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். 'இலவசம்' என்று காதில் விழுந்ததும் கொளஞ்சியப்பன் நிமிர்ந்தார். 'விடுதலை' என்றதும் எழுந்தே நின்றார். பந்திக்குக் கூப்பிட வந்த ஆளிடம், அடுத்த பந்தியில் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைக் காட்டினார். வாழ்க்கையில் அவர் முதல் பந்தியை விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான். தியாகம் இல்லாமல் புரட்சி ஏது?

வந்த ஞாயிற்றுக்கிழமையே 'இல்லத் தகவல் தொழில்நுட்ப உயர்மட்டக் குழு' கூடத்தில் கூடியது. தலைவரும் செயலரும் அவர். உறுப்பினர்கள் மனைவியும் மகளும். கூட்ட முடிவுகளை முந்தின நாளே எழுதி வைத்திருந்தபடியால் கூட்டம் சுருக்கமாக முடிந்தது. இளவரசி ஒரு கருத்துச் சொன்னாள். அது 'குறித்துக்கொள்ளப்பட்டது'. இசைவாணி, மாவு அரைக்க வேண்டும் என்றாள். அதுவும் குறித்துக்கொள்ளப்பட்டது.

போரை நடத்திக் கொடுக்க இசைவாணியின் தம்பி சிலம்பரசன் சிதம்பரத்திலிருந்து வந்தான். அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். அந்தப் பேரவைக்கு மைக், புரொஜெக்டர் எல்லாம் கட்டிக் கொடுப்பவனும் அவன்தான். லேப்டாப்பில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டான். கடிதம் எழுத ஒன்று, படம் பார்க்க ஒன்று, விளம்பரத்தைத் தடுக்க ஒன்று என்று வேண்டியதையெல்லாம் போட்டான். கொளஞ்சியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று 'மேற்பார்வை' செய்தார். உள்ளபடியே சொன்னால் வேலை அருமையாக முடிந்தது. முன்பெல்லாம் ஆன் செய்துவிட்டுக் காப்பி போடப் போகலாம் என்றிருந்த லேப்டாப், இப்போது பால் பொங்குவதற்குள் திறந்துகொண்டது. இசைவாணிக்கே பிடித்துப் போயிற்று. தம்பிக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

செய்தி தெருவுக்கும் போனது. 'எங்க வீட்டுல எல்லாமே இப்ப திறந்த மூலம்' என்று கொளஞ்சியப்பன் மாடியிலிருந்து பெருமையாகச் சொன்னதை, பக்கத்து வீட்டு லூர்துசாமி கீழேயிருந்து கேட்டார். சாயங்காலம் ஒரு கட்டு துத்திக்கீரையைக் கொண்டுவந்து இசைவாணியிடம் கொடுத்து, அவருக்கு வெங்காயம் போட்டு வதக்கிக் கொடும்மா, காரத்தை மட்டும் கொறச்சிடு, எனக்கும் இருந்துச்சி, கேட்டுது என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

சிலம்பரசன் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, இதுக்கு அட்மின் யாரு?"

மற்றவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி. பணியில் சேர்ந்த நாளிலிருந்து அதிகாரிக்குக் கீழேயே இருந்து, அதிகாரிக்காகக் கதவு திறந்து, அதிகாரி கையெழுத்துப் போடப் பேனா நீட்டிய கொளஞ்சியப்பனுக்கோ, அது வாழ்நாள் முழுதும் காத்திருந்த கேள்வி. எல்லாரையும் அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். தட்டச்சுச் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது, உள்ளே போன கண்காணிப்பாளர் 'நிர்வாகி'யாக வெளியே வந்தார்.

அன்றிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. மனைவியும் மகளும் 'சாதாரணப் பயனர்'கள். புதிதாக எதைப் போட வேண்டுமானாலும், பிரின்டரில் ஒரு தாள் எடுக்க வேண்டுமானாலும், திரையில் உள்ள மலைப் படத்தை மாற்றிப் பூப் படம் வைக்க வேண்டுமானாலும் நிர்வாகியின் பாஸ்வேர்டு தேவை. கூப்பிட்டால் வருவார். காரணம் கேட்பார். "கொஞ்சம் திரும்பிக்குங்க" என்பார். இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். அவர் அடித்து முடித்துத் தொண்டையைச் செருமினால் திரும்பிக்கொள்ளலாம். கணினியைத் திறந்து பார்க்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்பதை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. மூடியிருக்கும்போது திறந்து பார்க்கலாம்.

அடுத்து, வீட்டில் எல்லாருடைய பாஸ்வேர்டுகளையும் ஒரே மின்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். அதுவும் கட்டற்ற மென்பொருள்தான், நல்ல சரக்குதான். மனித மூளையால் நினைவில் வைக்க முடியாத நீளத்தில் ஆளுக்கொரு பாஸ்வேர்டை அதுவே உண்டாக்கிக் கொடுத்தது. பெட்டியைத் திறக்க ஒரே ஒரு பாஸ்வேர்டு. அது யாரிடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

செய்தி அனுப்பவும் புதிதாக ஒரு கட்டற்ற செயலி வந்தது. அதில் மொத்தம் மூன்று பேர். மூவரும் ஒரே வீட்டில். அடுப்படியிலிருந்து இசைவாணி 'தோசை ரெடி' என்று அனுப்புவாள். கூடத்திலிருந்து அவர் 'பார்வையிடப்பட்டது' என்று அனுப்புவார். தோசை ஆறிய பிறகு வருவார்.

இப்படி விடுதலை செழித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, பகல் சாப்பாட்டு நேரத்தில், இசைவாணியோடு வேலை செய்யும் முத்தம்மாள் டீச்சர் போன் செய்தாள். மாறுதலுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க இன்றைக்குத்தான் கடைசி. சாயங்காலம் அஞ்சு மணியோடு மூடிவிடுவார்கள். மஞ்சக்குப்பத்திலேயே ஒரு இடம் காலியாம், டீச்சர்கள் குரூப்பில் ரெண்டு வாரமாக இதே பேச்சு, நீங்க பார்க்கலையா என்று கேட்டாள். இசைவாணி பார்க்கவில்லை. அந்தக் குரூப் இருந்த பழைய செயலி, உயர்மட்டக் குழுவின் தீர்மானப்படி வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தது.

லேப்டாப்பை எடுத்தாள். விண்ணப்பத் தளம் அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டது. அது பெட்டிக்குள் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் புதியதை மெயிலுக்கு அனுப்புவார்கள். மெயிலின் பாஸ்வேர்டும் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி அமைதியாக நிர்வாகியைக் கேட்டது. நிர்வாகி சிதம்பரத்தில் இருந்தார். பேரவையின் ஆண்டுக் கூட்டத்தில் 'வீட்டிலிருந்து தொடங்கும் விடுதலை' என்ற தலைப்பில் அன்றைக்கு அவருடைய சிறப்புரை.

போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தார். செல்போன் மூலம் நம்மைக் கண்காணிக்கிறார்கள் என்ற தலைப்பில் அதற்கு முந்தின மாதம் பேசியவர் அவர். தம்பியைக் கூப்பிட்டாள். சிலம்பரசன் மேடைக்கு ஓடிப் போய்க் காதோடு காதாகச் சொல்லிவிட்டு, சங்கடத்தோடு திரும்பக் கூப்பிட்டான்.

"மூணாம் மனுசங்க கிட்ட சொல்ல முடியாதாம்க்கா. போன்லயும் சொல்லக் கூடாதாம். நேர்ல வந்தா பரிசீலிக்கலாம்ங்கிறாரு."

இசைவாணி பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இளவரசி லேப்டாப்பைத் துண்டில் சுற்றித் துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செம்மங்குப்பத்து ரசாயன ஆலைகள் வந்தபோது எல்லாரும் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் பொத்தவில்லை. ரெண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தின் வேப்பமரம் கண்முன் வந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். புதுச்சத்திரம் தாண்டும் வரை அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து உள்ளது அத்தனையும் வரிசையில் வந்து நின்றது. சிதம்பரத்தில் இறங்கியபோது எல்லாம் போய் ஒரே ஒரு கேள்விதான் கையில் இருந்தது.

அவள் உள்ளே நுழைந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. எல்லாரும் ஆண்கள். எல்லாரும் தத்தம் வீடுகளை விடுவித்தவர்கள். மேடையில் கொளஞ்சியப்பன் உச்சத்தில் இருந்தார்.

"எங்க வீட்டுல எஜமானும் கெடையாது, அடிமையும் கெடையாது. எல்லாரும் சமமான பயனர்."

கைதட்டல் எழுந்தது. பேரவைத் தலைவர் வைத்திலிங்கம், கேள்வி நேரம் என்று அறிவித்தார். பெண்கள் இந்தப் பக்கம் வருவதே அபூர்வம், எனவே முதல் வாய்ப்பு அந்தச் சகோதரிக்கு என்று பெருந்தன்மையோடு சொல்லி மைக்கைக் கொடுக்கச் சொன்னார். தலைவருக்கு அந்தச் சகோதரி யாரென்று தெரியாது. மேடையில் நின்றவருக்குத் தெரிந்தது.

"வீட்டுப் பெட்டியோட பாஸ்வேர்டு என்னாங்க?" என்றாள் இசைவாணி.

நல்ல கேள்வி என்றார் கொளஞ்சியப்பன். பாதுகாப்பு குறித்து அடுத்த அமர்வில் விரிவாக விவாதிக்கலாம் என்றார். அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க என்றாள் அவள். மேடையை விட்டு இறங்கி வந்து கையை நீட்டினார், தானே அடித்துத் தருவதாக. அவள் லேப்டாப்பை விடவில்லை.

"அடிக்க எனக்கும் தெரியும். நீங்க சொல்லுங்க."

தலைவர் குறுக்கிட்டார். அறிவைப் பகிர்வதே நம் பேரவையின் முதல் கொள்கை, பேனரிலேயே போட்டிருக்கிறது என்றார். எல்லாரும் பேனரைப் பார்த்தார்கள். போட்டிருந்தது.

கொளஞ்சியப்பன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு வழி தெரியாமல், பழக்க தோஷத்தில், "எல்லாரும் கொஞ்சம் திரும்பிக்குங்க" என்றார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. மண்டபமே எழுந்து பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. முதுகுகள்தான் திரும்பின. காதுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சட்டையில் மாட்டியிருந்த மைக்கை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

"என்... ஏ... ஏ... என்..."

"பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது அவளுக்கு.

"இது நாலும் பெரிய எழுத்து. மத்ததெல்லாம் சின்னது." அவர் குரல் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. "எஸ்... ஓ... என்... என்... ஏ... டி... எச்... ஏ... ஏ... என்."

சொல்வதெழுதுதல் முடிந்ததும் ஒருமுறை முழுதும் வாசித்துச் சரிபார்ப்பது இசைவாணியின் வழக்கம். மைக் கையிலேயே இருந்தது.

"நான் மட்டும் பெருசு. மத்ததெல்லாம் சிறுசு. நான் சொன்னாத்தான். சரியாங்க?"

"சரி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கடைசியில ஒரு ஆச்சரியக்குறி" என்றார்.

பெட்டி திறந்தது. தம்பியின் போனிலிருந்து நெட் வாங்கி, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, அவளே படித்து, அவளே நிரப்பி, அவளே அனுப்பினாள். விண்ணப்பம் பெறப்பட்டது என்று திரை சொன்னது. (அந்த இடம் அவளுக்கே கிடைத்தது. இப்போது நடந்துதான் பள்ளிக்குப் போகிறாள். சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடுவதால், வேப்பமரத்தடியில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மணி அடித்தபிறகு உள்ளே போகிறாள்.)

லேப்டாப்பை மூடியபோதுதான் அவளுக்கு உறைத்தது. மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனசைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். ஒரு செருமல்கூட இல்லை. அத்தனை விடுதலை வீரர்களும் இன்னும் சுவரைப் பார்த்தபடியே, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். எத்தனை நாகரிகமான மனிதர்கள் என்று அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்தது. எட்டிப் பார்த்தாள். ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருந்தது. எல்லாரும் அவசர அவசரமாக என்னவோ அடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் வைத்திலிங்கம் ரெண்டு கட்டைவிரலாலும் அடித்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்கிறார்கள் என்று தம்பியைக் கேட்டாள். சிலம்பரசன் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"அவுங்கவுங்க வீட்டுப் பாஸ்வேர்ட மாத்துறாங்கக்கா."