அக்காவின் பல்லும் என் கடுக்காய்க் கஷாயமும்

அரைகுறையாகக் கற்ற விஷயத்தை வாய்க்குள் வைத்திருக்க எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. இருபத்திரண்டு வயதில் அந்த வியாதி உச்சத்தில் இருந்தது. பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம். மூலிகைச் சாறுகள் வாய்க் கிருமிகளை என்ன செய்கின்றன என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, கடுக்காய்ச் சாறு ஒரு சொட்டு விட்டால், அதைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் தெரியும். (அந்தத் தட்டுகளைக் கழுவுவதுதான் என் வேலை. வீட்டில் அதைச் சொல்லவில்லை.)

அப்போதுதான் அக்கா வசந்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர். அக்காவுக்கு ஈறில் இரத்தம் கசியும், வாய் நாறும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் பேசுவது என்று என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். பல் டாக்டரிடம் போகிறேன் என்றாள்.

"டாக்டர் எதுக்குக்கா? நான் இருக்கேன்ல" என்றேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டில் நல்ல பாத்திரமெல்லாம் சமையல்காரர் வசம். கொல்லையில் கிடந்த இரும்புச் சட்டியைக் கழுவி, கடுக்காயும் கராம்பும் போட்டுச் சுண்டக் காய்ச்சினேன். கறுப்பாக வந்தது. சத்து இறங்கியிருக்கிறது என்று பூரித்துப்போனேன். (கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் எழுதுகிற மை. இதை ஆய்வுகூடத்தில் பிறகுதான் சொன்னார்கள்.) மறுநாள் காலையில் அக்கா அரைமணி நேரம் கொப்பளித்துவிட்டு, வாய் மணக்கிறது என்று சிரித்தாள்.

பல் கன்னங்கரேலென்று இருந்தது.

உப்பு, அடுப்புக்கரி, நான்கு தேசிக்காயின் புளிச்சாறு என்று எல்லாம் போட்டுத் தேய்த்தோம். ஈறு எரிந்ததுதான் மிச்சம். என்னை அடிக்க அம்மாவுக்கு நேரமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று அக்காவைத் தேற்றி மணவறைக்கு அனுப்பினார்.

அக்கா உதட்டைப் பிரிக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அடக்கமான பெண் என்று மெச்சினார்கள். மாப்பிள்ளையின் முகம் மட்டும் வாடிக்கொண்டே போனது. சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லுங்க. அவங்களுக்கு விருப்பமில்லாமத்தான் கட்டி வச்சீங்களா?"

என் விஞ்ஞானம் அந்த இடத்திலேயே உடைந்துபோனது. அழுதுகொண்டே ஈறு, கடுக்காய், இரும்புச் சட்டி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மிச்சம் இருக்கா?"

மிச்சக் கஷாயம் இருந்த போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தேன். பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழுவதையும் கொப்பளித்துத் துப்பினார். பிறகு நேரே உள்ளே போய், அக்காவின் முன்னால் நின்று கறுத்துப்போன பல்லைக் காட்டினார். அக்கா ஒரு கணம் திகைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் அமுக்கிவிட்டார்.

ஒரு வாரத்தில் இருவருக்கும் பல் வெளுத்தது. ஈறைக் குணமாக்கியது கண்டியில் ஒரு பல் டாக்டர். அத்தான்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதில் இரண்டு பேருக்கும் ஒரு பல்கூட இல்லை. புதிதாக வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் காரணம் கேட்பார்கள். அத்தான் என் பக்கம் கையைக் காட்டுவார்.

"ஒரே நாள்ல அம்புட்டையும் கழட்டினது இந்த டாக்டரம்மாதான்."