பென்சில் கையெழுத்து

வாழ்நாளில் ஒரு தவறான முடிவுகூட எடுக்காத மனிதர் இந்தப் பூமியில் உண்டா என்று கேட்பவர்கள், குடிநீர்க் குழாய் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு வந்து பார்க்கட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார் உதவி மேலாளர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் 'நிதானம் சார்'. இருபத்திரண்டு வருடச் சேவையில் எந்தக் கோப்பிலாவது தப்பு செய்தார் என்று யாராவது நிரூபிக்கட்டும், பார்க்கலாம்.

ரகசியம் ரொம்ப எளிது. அவர் பென்சிலில்தான் கையெழுத்துப் போடுவார். காரியம் நல்லபடியாக முடிந்தால் ஹெட் கிளார்க் அதன் மேலேயே பேனாவை ஓட்டிவிடுவார். ஊத்திக்கொண்டால் இருக்கவே இருக்கிறது ரப்பர். அதற்கப்புறம் கடவுளே வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது. சந்தைத் தெருவில் குழாய் உடைந்தபோது, 'பள்ளம் தோண்டலாமா?' என்ற கோப்பு நாலு மாதம் அவர் மேஜையில் பக்குவப்பட்டது. அதற்குள் தண்ணீரே பள்ளத்தைத் தோண்டிவிட்டது. ஆபீஸுக்குக் கடப்பாறை வேலை மிச்சம். இப்பேர்ப்பட்ட தொலைநோக்கைப் பார்த்த இயக்குநர், 'முடிவெடுக்கும் திறன்' வகுப்பை நடத்தும் பொறுப்பை அவருக்கே கொடுத்தார்.

"முதல் படி, பதறக் கூடாது. ரெண்டாவது படி, அப்பவும் பதறக் கூடாது," என்று ஆரம்பித்தார் நிதானம் சார்.

புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளர் கையைத் தூக்கினாள். "சார், முடிவு எத்தனாவது படியில வரும்?"

"ஏழு படியும் ஒழுங்கா ஏறுங்கம்மா. அதுக்குள்ள நேரம் கடந்துடும். அப்புறம் முடிவே தேவைப்படாது."

எல்லோரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட மகானுக்கு வீட்டுக்குள்ளேயே சோதனை வந்தது. மகளுக்கு ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று கால்நடை மருத்துவம், இன்னொன்று புள்ளியியல். ஒன்றை டிக் அடித்து, பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். தவறினால் இரண்டும் போச்சு.

"நான் மாட்டு டாக்டராகப் போறேம்பா. டிக் அடிச்சாச்சு. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க," என்றாள் மகள். தெருவில் நொண்டுகிற நாயைக்கூட நிறுத்திக் காலைப் பார்க்கிற பெண் அவள்.

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யக் கூடாதுடா. முறைப்படி போவோம்," என்று அவர் ஓர் அட்டவணை போட்டார். சம்பளம், மரியாதை, மாடு உதைக்கும் அபாயம் என்று பதினாலு தலைப்பு. நாலு நாள் யோசித்து மதிப்பெண் போட்டுக் கூட்டினார். இரண்டுக்கும் தொண்ணூற்றொன்று!

"பாத்தியா, ரெண்டும் சமம்!" என்று அவர் முகம் மலர்ந்தது.

"அப்பா, நாளைக்குக் கடைசி நாள்பா!" மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவழியாகக் கையெழுத்தைப் போட்டார். அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் பஸ் பிடித்து, மூச்சிரைக்க வரிசையில் நின்று, மூன்றே முக்கால் மணிக்குக் கவுன்டரைத் தொட்டார்கள். உள்ளே இருந்த அம்மாள் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார் இது, பென்சில்?"

"எங்க ஆபீஸ் வழக்கம்மா. பின்னாடி யாராவது பேனாவால எழுதிப்பாங்க."

"இங்க அந்த யாராவது கிடையாது. இந்தாங்க பேனா. நீங்களே போடுங்க."

நிதானம் சார் பேனாவை வாங்கினார். இதை அழிக்க முடியாதே! நாளைக்கு மாடு உதைத்தால்? இவளே வந்து, ஏன் கையெழுத்துப் போட்டீங்க என்று கேட்டால்? அவர் நிஜமாகவே பயந்தார்.

"இந்தப் பேனா நல்லா எழுதுமாம்மா?"

"சார், மணி நாலாகப் போகுது."

"திங்கட்கிழமை வந்தா..."

"அப்பா!"

கவுன்டர் அம்மாள் ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்தார். அதுவரை வாயே திறக்காத மனைவி, கணவரின் விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவை உருவி, 'தாய்' என்று இருந்த கட்டத்தில் கையெழுத்தைப் போட்டாள். ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"தப்பாப் போனா என்னைத் திட்டுங்க. போதுமா?"

நிதானம் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திங்கட்கிழமை வகுப்பில் 'தக்க நபரிடம் பொறுப்பை ஒப்படைத்தல்' என்று எட்டாவது படியைச் சேர்த்தார். இயக்குநர் புல்லரித்துப்போய், 'இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தவறும் செய்யாதவர்' என்று விருதுப் பத்திரமே கொடுத்துவிட்டார். அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார் நம்மவர்.

விடுதிக்குக் கிளம்பிய அன்று, மகள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அப்பா, டைரக்டர் கையெழுத்து பென்சில்ல இருக்கு."

முதல் படி, இரண்டாம் படி எல்லாம் மறந்து அவர் பதறினார். "ஐயையோ! யாராவது அழிச்சுட்டா?"

"அழிச்சா என்னப்பா?" மகள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். "ஒரு தப்பும் பண்ணலைன்னுதானே போட்டிருக்கு. எனக்கு ஒரு நல்லது பண்ணினதா அதுல எங்கயும் போடலையே."