எங்க அப்பா கோட்டு போட்டுட்டு நின்ன கல்யாணம்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மரக்காணத்துல பஸ் ஏறி பாண்டிச்சேரி போகணும். அங்க பிரெஞ்சு தூதரக ஆபீஸ்ல, நான் என் புருஷனுக்குத்தான் பொண்டாட்டின்னு சொல்லிட்டு வரணும்.

அவ்ளோதான். இதுல என்ன கஷ்டம்?

எங்க வீட்டுக்காரரு ஜோசப் பாண்டிச்சேரிக்காரரு. தாத்தா காலத்துலருந்தே பிரெஞ்சு நேஷனாலிட்டி. பாரிஸ் பக்கத்துல ஒரு ஹோட்டல் கிச்சன்ல வேலை. எங்க ஊரு மாதா கோயில்ல கல்யாணம் முடிஞ்ச கையோட பிளைட் ஏறிட்டாரு. ஒரு வருஷமா நான் போன்லதான் குடும்பம் நடத்துறேன். சண்டை போட்டா பாதியில நெட்டு கட்டாயிடும். முடியாத சண்டை நெறைய பாக்கி இருக்குது. இப்போதான் லீவுல வந்திருக்காரு.

எனக்கு பிரான்ஸ் வீசா கெடைச்சா நானும் கூடவே போயிடலாம். கெடைக்கலன்னா ஞாயித்துக்கிழமை அவரு மட்டும் கெளம்பிடுவாரு. அடுத்த லீவு எப்போன்னு அவரு முதலாளிக்குத்தான் வெளிச்சம்.

நெஜக் கல்யாணம்தானான்னு தெரிஞ்சிக்க வீட்டு விஷயமெல்லாம் கேப்பாங்களாம். அதனால ரெண்டு பேரும் பயங்கரமா படிச்சோம். பத்தாவது பரீட்சைக்குக் கூட நான் அப்படிப் படிச்சதில்ல.

"எங்கம்மாவுக்குப் புடிச்ச கொழம்பு?"ன்னு நான் கேப்பேன்.

"கருவாட்டுக் கொழம்பு."

"நான் எந்தப் பக்கம் படுப்பேன்?"ன்னு அவரு கேப்பாரு.

"செவுத்துப் பக்கம்."

கூனிமேடு தாண்டுற வரைக்கும் பஸ்ல இதே பேச்சு. முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.

ஆதாரத்துக்குக் கல்யாண ஆல்பம். எங்க ஊரு ஸ்டுடியோ செல்வம் அண்ணன் போட்டது. கதவு மாதிரி கனம். போதாததுக்கு அவங்க கேக்காத பேப்பரையெல்லாம் பைல்ல சேத்து வெச்சிருந்தேன். இதுக்கு மேல என்ன வேணும்னு கெத்தா மடியில வெச்சிட்டு உக்காந்திருந்தேன்.

தனித்தனியா கூப்பிட்டாங்க. மொதல்ல நான். ஆபீசர் மேடம் தமிழ்க்காரங்கதான். ஆனா சிரிக்கல.

"இதுக்கு முன்னாடி பிரான்ஸ் போயிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம். சென்னை ஏர்போர்ட் வாசல் வரைக்கும்தான் போயிருக்கேன்."

ஆல்பத்தை என் பக்கம் திருப்பினாங்க. நானும் ஜோசப்பும் கை கோத்துட்டு நிக்கிறோம். பின்னாடி ஈபிள் டவர்.

"அப்போ இது?"

"அது செல்வம் அண்ணன் வெச்சது மேடம்."

"ஈபிள் டவரையா?"

"ஆமாங்க. மாப்ள பிரான்ஸ்னு சொன்னதும் அவரா ஆசையா வெச்சிட்டாரு."

"சரி, இந்தப் பனி?"

"பனி இல்ல மேடம், உப்பு. எங்க ஊரு உப்பளம். அது மட்டும் ஒரிஜினல்."

மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டு கிட்டக்க வெச்சிப் பாத்தாங்க. வெள்ளை வெளேர்னு குவியல் குவியலா உப்பு. நடுவுல பட்டுப்பொடவையில நான், செருப்பு கூட இல்லாம. பாரிஸ் பனியில வெறுங்காலோட சிரிச்சிட்டு நிக்கிற மொத பொம்பள நானாத்தான் இருப்பேன்.

அடுத்த பக்கம் குடும்ப போட்டோ.

"இந்தக் கோட்டு போட்டவரு யாரு?"

"எங்க அப்பா."

மேடம் பைலைப் புரட்டினாங்க. "உங்க அப்பாவோட டெத் சர்டிபிகேட் வெச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே இறந்திருக்காரு."

"ஆமா மேடம்."

"கல்யாணத்துல நிக்கிறாரு."

"ஆமா மேடம்."

எங்க பக்கம் இது சகஜங்க. அப்பாவ விட்டுட்டு என்னடி குடும்ப போட்டோன்னு அம்மா ஒரே அழுகை. செல்வம் அண்ணன் அப்பாவோட பழைய போட்டோலருந்து தலைய மட்டும் எடுத்து, எவனோ கோட்டு போட்டவன் ஒடம்புல வெச்சிட்டாரு. ஆயுசு பூரா உப்பளத்துல லுங்கிய மடிச்சிக் கட்டிட்டு நின்ன மனுஷன். செத்தப்புறம் கோட்டு போட்டாரு.

"அது ஒட்டுனது மேடம்"னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் நாக்கைக் கடிச்சிக்கிட்டேன்.

"டவர் ஒட்டுனது. அப்பா ஒட்டுனது. உங்க ஹஸ்பண்ட்?"

"ஐயோ, அவரு ஒரிஜினல் மேடம்!"

அடுத்து ஜோசப் உள்ள போனாரு. வெளிய வந்தப்போ மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு.

"என்ன கேட்டாங்க?"

"மாமனாரைக் கடைசியா எப்போ பாத்தீங்கன்னாங்க. பாத்ததே இல்லன்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்கீங்க!"

"போட்டோல உங்கப்பா என் தோள் மேல கை போட்டுட்டு நிக்கிறாரு ஸ்டெல்லா."

கருவாட்டுக் கொழம்பைப் பத்தி யாரும் மூச்சே விடல.

மேடம் ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிட்டாங்க. "எதையும் ஒட்டாத போட்டோ இருந்தா ஆபீஸ் மூடுறதுக்குள்ள கொண்டாங்க. இல்லன்னா இந்தக் கல்யாணத்தை என்னால நம்ப முடியாது."

ஆபீஸ் உள்ள போன் விட மாட்டாங்கன்னு எதிர்க்க ஒரு பொட்டிக்கடையில குடுத்து வெச்சிருந்தோம். ஓடிப் போய் வாங்கி செல்வம் அண்ணனுக்குப் போட்டேன்.

"அண்ணே, அந்தக் குடும்ப போட்டோ வேணும். ஒட்டாதது!"

"ஏன் தங்கச்சி, கோட்டு கலர் புடிக்கலியா? புளூவா மாத்திடவா?"

"வேணாண்ணே! எதையும் தொடாதீங்க!"

"டவர்ல லைட்டு எரியற மாதிரி ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன். அனுப்பவா?"

ஜோசப் போனைப் புடுங்கினாரு. "அண்ணே, உங்க கால்ல விழுறேன். கேமராலருந்து அப்படியே எடுத்து அனுப்புங்க!"

"அப்படியேவா? நல்லாவே இருக்காதே மாப்ள"ன்னு ரொம்ப வருத்தப்பட்டுத்தான் அனுப்பினாரு.

பக்கத்துல ஜெராக்ஸ் கடையில பிரிண்டு போட்டோம். அத கையில வாங்கிப் பாத்தேன்.

எல்லாரும் வரிசையா நிக்கிறோம். அம்மாவுக்கும் ஜோசப்புக்கும் நடுவுல மட்டும் ஒரு ஆள் நிக்கிற எடம் காலியா இருக்குது. அன்னிக்கு அந்த எடத்துல அம்மா யாரையும் நிக்க விடல. சித்தப்பா வந்து நின்னதுக்கு கையப் புடிச்சித் தள்ளி விட்டாங்க. அந்தக் காலி எடத்துப் பக்கமா லேசா சாஞ்சி நின்னு, அம்மா மட்டும் சிரிக்கிறாங்க.

எனக்குத் தாங்கல. நடுரோட்டுல நின்னு அழுதேன். கடைக்காரரு எட்டிப் பாத்து, "ஏம்மா, கலர் சரியா வரலியா?"ன்னாரு.

மேடம் ரெண்டு போட்டோவையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சி ரொம்ப நேரம் பாத்தாங்க.

"இந்த எடத்தை ஏன் விட்டீங்க?"

"அப்பாவுக்குன்னு அம்மா விட்டாங்க மேடம்."

மேடம் பேனாவை எடுத்தாங்க. கையெழுத்துப் போட்டாங்க. "பாஸ்போர்ட்டை வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கங்க"ன்னாங்க. ஜோசப் அங்கயே செலுவை போட்டுக்கிட்டாரு.

வெளிய வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மாதாவே மாதாவேன்னு அழுதாங்க. அப்புறம் மெதுவா, "உங்கப்பாவைப் பத்தி கேட்டாங்களா?"ன்னாங்க.

"கேட்டாங்கம்மா."

"நீ என்ன சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன். அவரு கல்யாணத்துக்கு வரல, போட்டோல ஒட்டுனதுன்னு."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கிட்டாங்க.

"அவ்ளோ பெரிய ஆபீஸ்ல போய் ஏண்டி பொய் சொன்ன? உங்கப்பா வந்தாருடி. என் பக்கத்துலதான் நின்னாரு."

நல்லவேளை, சாட்சிக்கு எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போகல.